நம்பருக்கு மேல் ஒரு பொட்டு

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் வரவில்லை. கவனித்தீர்களா?

கவனித்திருக்க மாட்டீர்கள். பத்திரிகை ஆபீசில் விசாரித்துப் பார்த்தேன். ஒரே ஒரு வாசகர் போன் செய்தாராம். எனக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. என்ன கேட்டார் என்றேன். ராசிபலன் வழக்கமான இடத்தில் இல்லாமல் நான் வருகிற இடத்துக்கு வந்துவிட்டதே, ஏன் என்று கேட்டாராம்.

கோபமெல்லாம் இல்லை. கொஞ்சம்தான் இருக்கிறது.

நீங்கள் கேட்காவிட்டாலும் காரணத்தை நான் சொல்லித்தானே ஆக வேண்டும்? கம்ப்யூட்டர் காலை வாரிவிட்டது.

என்னிடம் இருப்பது பழைய டெஸ்க்டாப். கேபினெட், மானிட்டர், கீபோர்டு என்று மேஜையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ரகம். செஞ்சியில் என் வீட்டு ஹாலில், சாப்பாட்டு மேஜை மேலேயே இருக்கிறது. ஒரு காலத்தில் அந்த மேஜையில் அதற்கு இடம் கிடையாது. ஜன்னல் ஓரம் ஒரு ஸ்டூலில் கிடந்தது. இப்போது சாப்பிடுகிறவன் ஒருவன்தான். ஒரு தட்டு வைக்க எவ்வளவு இடம் வேண்டும்?

என் மனைவி வசந்தா போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் வீட்டில் நான், கம்ப்யூட்டர், அவ்வப்போது சமையலறை ஜன்னலில் வந்து எட்டிப் பார்க்கும் ஒரு பூனை. அந்தப் பூனைக்கும் பக்கத்துத் தெருவில் சொந்த வீடு இருக்கிறது.

இந்தப் பத்தியை இவ்வளவு நாளும் மெயிலில் அனுப்பிக்கொண்டிருந்தேன். பத்திரிகையில் திடீரென்று மாற்றிவிட்டார்கள். இனிமேல் மெயில் கிடையாது, புதிதாக ஒரு இணையதளம், அதில் நேராகப் போய் ஏற்ற வேண்டுமாம். என் கம்ப்யூட்டரில் அந்தத் தளம் திறக்கவே இல்லை. ஒரு வெள்ளைத் திரை வரும். நடுவில் ஒரு வட்டம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும்… பிறகு மொத்தமாக உறைந்து நின்றுவிடும்.

ஆபீசில் என் பத்தியைப் பார்த்துக்கொள்ளும் உதவி ஆசிரியர் சின்னப் பெண். மரியாதையாகத்தான் பேசினாள். சிஸ்டம் ரொம்பப் பழசு சார், புதிய விண்டோஸ் போடுங்கள் என்றாள். புதிய விண்டோஸ் போடுகிற அளவுக்கு அதில் மெமரி இல்லை என்றேன். அப்படியென்றால் போனிலேயே எழுதி அனுப்புங்கள், எழுத வராவிட்டால் போனில் பேசினால் போதும், அதுவே டைப் செய்துகொள்ளும் என்றாள்.

முயற்சி செய்தேன். மறைப்பானேன்? போனை மேஜையில் சாய்த்து வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "அன்புள்ள வாசகர்களே" என்று ஆரம்பித்தேன். நாலு வாக்கியம் பேசியிருப்பேன். இரண்டு வருஷமாக அந்த ஹாலில் யாரும் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. என் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தபோது, வீட்டுக்கு யாரோ வந்திருக்கிற மாதிரி இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்தேன். அத்தோடு நிறுத்திவிட்டேன்.

ஆக, கம்ப்யூட்டரைச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பத்தி நின்றுபோகும். உங்களுக்கு ராசிபலன் இருக்கிறது. எனக்கு?

செஞ்சியில் கம்ப்யூட்டர் என்றால் எனக்கு அன்வர்தான். திண்டிவனம் ரோட்டில் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை. வயது நாற்பதைத் தொட்டிருக்கும். எதைக் கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொல்லும் ஆள். அந்தப் பதிலில் பாதி சரியாக இருக்கும். மீதிப் பாதிக்குத் திரும்ப வருவான்.

வந்தான். பார்த்தான். மெமரி பத்தவில்லை, எட்டு ஜிபி ரேம் ஒன்று போட்டால் பறக்கும் என்றான்.

"செட் ஆகுமா அன்வர்?"

"எல்லாம் செட் ஆவும் சார். உள்ள இருக்கறதும் டி.டி.ஆர். த்ரீ. வரப்போறதும் டி.டி.ஆர். த்ரீ. அப்புறம் இன்னா?"

நானும் தலையாட்டினேன். கல்யாணம் என்றால் நட்சத்திரம், ராசி, தோஷம் என்று ஒரு மாசம் அலசுகிற ஊர் இது. ஆனால் ஒரு ரேம் வாங்க எவனாவது பொருத்தம் பார்க்கிறானா? வாங்குவோம். வந்த பிறகு பார்த்துக்கொள்வோம்.

சென்னையிலிருந்து பஸ்ஸில் பார்சல் வந்தது. வந்த நாள் அமாவாசை. அன்வருக்குக் கடையில் ஆள் இல்லை, நீங்களே வாங்கி வச்சிடுங்க சார் என்று சொல்லிவிட்டான். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு அமாவாசை சாயங்காலம் போயிருக்கிறீர்களா? போகாதீர்கள். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் மொத்தமும் அங்கேதான் பஸ் மாறும். குழந்தைகள், கூடைகள், எலுமிச்சம்பழ மாலைகள். எல்லோரும் யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் யாரும் கூப்பிடாத ஒரே ஆள் நான்தான்.

பார்சலை வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஒரு ஸ்பெஷல் பஸ் கண்டக்டர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"தனியாத்தானே வந்திருக்கீங்க? ஏறுங்க. ஒரு சீட்டு இருக்குது."

நான் மலையனூர் போகவில்லை என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அந்த முதல் வார்த்தை வீடு வரைக்கும் கூடவே வந்தது.

மறுநாள் காலை அன்வர் வந்து கேபினெட்டைப் படுக்க வைத்து, பக்கத்துத் தகட்டைக் கழற்றி, பழைய ரேமை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து அழுத்தினான். டக்கென்று அழகாக உட்கார்ந்தது. ஸ்விட்சைப் போட்டான். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. உள்ளேயிருந்து பீப்… பீப்… என்று ஒரு சத்தம் மட்டும்.

கழற்றித் துடைத்து மறுபடி போட்டான். பீப். பக்கத்து ஸ்லாட்டில் போட்டான். பீப்.

அதுதான் சரியாக உட்கார்ந்துவிட்டதே என்றேன்.

"உக்காந்துடுச்சு சார். பேசத்தான் மாட்டேங்குது."

இதை விடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது. ஒரே வீட்டில், ஒரே மேஜையில், பக்கத்துப் பக்கத்தில் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டு, பேசாமல் இருக்கிற எத்தனை பேரை எனக்குத் தெரியும்! எனக்கும் வசந்தாவுக்கும் பத்தில் நாலு பொருத்தம்தான் இருக்கிறது என்று ஜோசியர் கையை விரித்தார். நாங்கள் பேசிய பேச்சுக்கு அளவே கிடையாது. பாதி சண்டைதான். ஆனால் பேச்சு.

சரி, இனிமேலாவது முறையாகப் பொருத்தம் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். உங்களுக்கும் உபயோகப்படும், கேட்டுக்கொள்ளுங்கள். ரேம் ஸ்லாட்டில் உட்கார்ந்தால் மட்டும் போதாது. கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருக்கும் பெரிய பச்சைப் பலகை இருக்கிறதே, மதர்போர்டு… அது ஒத்துக்கொள்ள வேண்டும். எந்த ரேம், எவ்வளவு பெரிய ரேம், எந்த ப்ராசஸர் என்று ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. போர்டின் மாடல் நம்பர் தெரிந்தால் நெட்டில் தேடி அந்தக் கணக்கைப் பார்த்துவிடலாம். நம்பர் தெரியாவிட்டால் ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நாங்கள் செய்த மாதிரி.

பழைய ரேமைத் திரும்பப் போட்டதும் கம்ப்யூட்டர் முனகிக்கொண்டு எழுந்தது. சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று ஒரு பக்கம் இருக்கிறது, அதில் போர்டு நம்பர் தானாகவே வரும் என்றான் அன்வர். திறந்தோம். நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு இங்கிலீஷ் வாக்கியம். தமிழில் சொன்னால், 'இது உற்பத்தியாளரால் நிரப்பப்படும்'.

அவ்வளவுதான். செய்து விற்றவர்கள் பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். நிரப்பவில்லை. அந்தக் கட்டம் இத்தனை வருஷமாக அப்படியே காத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு என்னவோ அதன் மேல் பாசம் வந்துவிட்டது.

அன்வர் அசரவில்லை. போர்டு மேலேயே நம்பரை வெள்ளையாகப் பிரின்ட் பண்ணியிருப்பார்கள் என்று சொல்லி கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு, போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு உள்ளே குனிந்தான். கம்பெனி பேர் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் வெளிச்சத்தைக் கொண்டுபோனவன் அப்படியே நின்றுவிட்டான். பேசிக்கொண்டே இருக்கிற ஆள் பேச்சை நிறுத்தினால் பயமாக இருக்கிறது. நானும் எட்டிப் பார்த்தேன்.

நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொட்டு.

காய்ந்து இறுகிப்போன சந்தனம். அதன் நடுவில் குங்குமம், நிறம் மங்கி செங்கல் மாதிரி. சந்தனத்தில் விரல் அழுந்திய குழி அப்படியே இருந்தது. கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்த குழி.

வசந்தா எந்தப் பொட்டையும் நேராக வைத்தது கிடையாது.

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஆயுத பூஜை அது. ஃபேன் மாற்றுவதற்காக அன்வர் வந்திருந்தான். கேபினெட் இதே மாதிரி திறந்து கிடந்தது. வசந்தா கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், தையல் மெஷின், இன்வெர்ட்டர்… ஒவ்வொன்றுக்கும் பொட்டு. சுவர்க் கடிகாரத்தை மட்டும் விட்டுவிட்டாள். ஏன் என்றேன். அது நின்று ரொம்ப நாள் ஆகிவிட்டது, ஓடாத சாமானுக்கு எதற்குப் பொட்டு என்றாள். அதில் அவள் கறார்.

கம்ப்யூட்டரிடம் வந்ததும், மூடிக்கு மேலே வைத்துவிட்டுப் போ என்றேன்.

"வேலை செய்யறது உள்ள இருக்கறது. தகரத்துக்கு எதுக்குப் பொட்டு?"

அன்வர் பதறிவிட்டான். அக்கா, இதெல்லாம் கரண்ட் போகிற இடம், ஈரம் பட்டால் போச்சு என்று கையைக் குறுக்கே நீட்டினான். அவள் விடவில்லை. கரண்ட் போகாத இடம் எதுவென்று நீயே காட்டு என்று கிண்ணத்தோடு நின்றாள். அவன் ஸ்க்ரூ டிரைவரால் ஓரமாக ஒரு காலி இடத்தைக் காட்டினான். அங்கே எந்தப் பாகமும் கிடையாது. வெள்ளையாக ஏதோ பிரின்ட் ஆகியிருந்தது, அவ்வளவுதான். அவள் மோதிர விரலால் சந்தனத்தை எடுத்து அங்கே அழுத்தி, குங்குமம் வைத்தாள். நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆக, கரண்ட் போகாத இடமாகப் பார்த்து ஒருவன் காட்ட, ஒருத்தி வைக்க, ஒருவன் வேடிக்கை பார்க்க, மூன்று பேரும் சேர்ந்து நம்பரை மறைத்திருக்கிறோம். உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது மதர்போர்டு நம்பர் இப்படித் தொலைந்திருக்குமா?

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டாயே, எனக்கு என்று நெற்றியைக் காட்டினேன். நான் ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்திருந்த காலம்.

"நீங்க இன்னா வேலை செய்யறீங்க? எழுதப் போறேன் எழுதப் போறேன்னு சொல்றீங்களே, எழுதுங்க. அடுத்த ஆயுத பூஜைக்கு வைக்கறேன்."

அடுத்த மாதமே இந்தப் பத்தியை ஆரம்பித்தேன். ஒவ்வொரு வாரமும் அடித்து முடித்ததும் அவளுக்குப் படித்துக் காட்டுவேன். சமையலறையில் இருந்தபடியே கேட்டுவிட்டு, இதை யார் படிப்பார்கள் என்பாள். அப்புறம் ஒரு இடத்தைச் சொல்லி, அதை மட்டும் மறுபடி படிக்கச் சொல்வாள். அடுத்த ஆயுத பூஜை வந்தது. அவள் இல்லை.

"நான்தான் சார் அந்த எடத்தைக் காட்டுனேன்," என்றான் அன்வர்.

தெரியும் என்றேன்.

அப்புறம் என்னென்ன வழி இருக்கிறது என்று பேசினோம். பொட்டைத் துடைத்தால் நம்பர் தெரியும். துடைக்க வேண்டாமென்றால் போர்டையே மாற்றிவிடலாம் என்றான். எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. ஆனால் புது போர்டுக்குப் பழைய ப்ராசஸர் பொருந்தாது. அதையும் மாற்ற வேண்டும். இந்த ரேமும் அதில் உட்காராது. கரண்ட் கொடுக்கிற பெட்டியும் பழசு, புது போர்டின் இணைப்புக்கு ஒத்துவராது.

"அப்ப பழசுல மிச்சம் இருக்கப்போறது எது அன்வர்?"

"கேபினெட் சார்."

தகரம்!

பழைய போர்டை அப்படியே பொட்டோடு எடுத்து ஷோகேஸில் வைத்துக்கொள்ளுங்கள் சார் என்றும் சொன்னான். ஆறுதலாகத்தான் சொன்னான். அவன் கொஞ்ச நேரம் ஸ்க்ரூக்களை எண்ணிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்தான். ஒரு சின்ன பாட்டிலில் துடைக்கிற ஸ்பிரிட்டும் கொஞ்சம் பஞ்சும் மேஜை மேல் வைத்தான்.

"அக்கா வச்சது. நான் தொட மாட்டேன் சார். நீங்க யோசிச்சிட்டுக் கூப்டுங்க."

போன வாரப் பத்தி வராமல் போனது இதனால்தான். திறந்த கேபினெட் மேஜையில் கிடந்தது. நான் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பேப்பர் படித்தேன். ரசம் தெளித்துவிடப் போகிறதே என்று தட்டை ஓரமாக நகர்த்தி வைத்துக்கொண்டேன். ஜன்னலில் ராஜகிரி மலை தெரியும். அதைக் கொஞ்ச நேரம் பார்ப்பேன், பொட்டைக் கொஞ்ச நேரம் பார்ப்பேன். பூனை வந்து உள்ளே மோப்பம் பிடித்தபோது கத்தி விரட்டினேன். அது போனபிறகு அதற்காக வருத்தப்பட்டேன். இரண்டு நாளாக நான் வாய் திறந்து பேசியது அதனிடம் மட்டும்தான்.

நான் தனியாக இருக்கிறேன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. கேட்டால், எழுத்து இருக்கிறதே, வாசகர்கள் இருக்கிறார்களே என்று சொல்லிவிடுவேன். அந்த வாரம் எழுத்தும் இல்லை. அப்போதுதான் தெரிந்தது. வீட்டில் இவ்வளவு சத்தமில்லாத இடம் இருந்திருக்கிறது. புகைப்படத்துக்கு மாலை போடும்போது வராத அழுகை, கம்ப்யூட்டருக்குள் குனிந்து பார்க்கும்போது வந்தது. யாராவது பார்த்திருந்தால் ரேம் போனதற்கு அழுகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

அவள் புடவைகளைக் கொடுத்துவிட்டேன். அவள் கண்ணாடியை எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் அதெல்லாம் கடையில் வாங்கிய சாமான். இது அவள் விரல். இந்த வீட்டில் அவள் விரல் பட்டது பட்டபடி இருக்கிற ஒரே இடம். அதைத் துடைக்கச் சொல்கிறார்கள் என்றால் எப்படி?

ஷோகேஸ் யோசனையை நினைத்துப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் போர்டு. நடுவில் பொட்டு. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். தலையைத் தூக்கினேன். எதிரே சுவர்க் கடிகாரம். இன்னமும் அதே நேரத்தைக் காட்டிக்கொண்டு தொங்குகிறது. ஓடாத சாமானுக்கு எதற்குப் பொட்டு?

சரிதானே? போர்டைக் கழற்றி ஷோகேஸில் வைத்தால் அது ஓடாத சாமான். அதன் மேல் இருப்பது வெறும் கறை. அவள் ஓடுகிற மெஷினுக்குத்தான் வைத்தாள். ஓட வேண்டும் என்பதற்காகத்தான் வைத்தாள். அதைச் சாக்காக வைத்து நான் மெஷினை நிறுத்தி, பத்தியையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தால்… நல்ல வேளை, அவளுக்குப் பத்திரிகை ஆபீஸ் நம்பர் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஸ்பிரிட் பாட்டிலைத் தள்ளி வைத்தேன். காதுக்குப் போடும் பஞ்சுக் குச்சி ஒன்றை எடுத்து, எதிலும் நனைக்காமல் மெதுவாகத் தட்டினேன். சந்தனம் சுலபத்தில் விடவில்லை. அவளும் எதையும் சுலபத்தில் விட்டவள் கிடையாது. பிறகு ஓரத்தில் ஒரு விரிசல் விட்டது. குழியோடு சேர்த்து இரண்டு மூன்று செதிலாக உதிர்ந்தது. கீழே விழாமல் ஒரு வெள்ளைத் தாளில் ஏந்திக்கொண்டேன்.

நம்பர் தெரிந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை. தாளில் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதை என்ன செய்வது? குப்பையில் போட முடியுமா? ஒரு டப்பியில் போட்டு மூடி வைக்கலாம். வைத்தால் அதுவும் ஒரு சுவர்க் கடிகாரம்தான். உள்ளங்கையில் கொட்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். சந்தனம், குங்குமம், மூன்று வருஷத்து மதர்போர்டு தூசி எல்லாம் சேர்ந்து ஒரு நிறமாக வந்தது. மோதிர விரலால் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

எழுதினால் வைக்கிறேன் என்றாள். எழுதிக்கொண்டுதானே இருக்கிறேன்?

அன்வரைக் கூப்பிட்டேன். வந்து நம்பரைத் தன் போனில் தட்டினான். விவரம் வந்துவிட்டது. எட்டு ஜிபி ஒரே துண்டாக இந்த போர்டுக்கு ஆகாது. நாலு, நாலாக இரண்டு போடலாம். அதுவும் பழைய காலத்துத் தயாரிப்பு, இரண்டு பக்கமும் சில்லு இருக்கிற ரகம். அது அவன் கடையிலேயே, செத்துப்போன ஒரு மெஷினுக்குள் இருந்தது. முதலிலேயே நம்பரைப் பார்த்திருந்தால் சென்னைப் பார்சலே வேண்டியிருந்திருக்காது என்றேன். முதலிலேயே பார்த்திருந்தால் முதலிலேயே துடைத்திருக்க வேண்டியிருக்குமே சார் என்றான். அவன் சொன்ன பாதியில் இது சரியான பாதி.

ரேம் இரண்டும் உட்கார்ந்தன. பீப் இல்லை. பேசின. கூடவே பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்.எஸ்.டி. போட்டு, புது விண்டோஸும் ஏற்றினான். முன்பெல்லாம் ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் போய்க் காபி போட்டு, குடித்து, டம்ளரையும் கழுவிவிட்டு வந்தால்தான் திரை வரும். இப்போது நாற்காலியை இழுப்பதற்குள் வந்து நிற்கிறது. நிறைய நேரம் மிச்சம். அந்த நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மட்டும் அன்வருக்கும் தெரியவில்லை.

மூடுவதற்கு முன்னால் என் நெற்றியைப் பார்த்து, கோயிலுக்குப் போய்விட்டு வந்தீர்களா சார் என்று கேட்டான். இல்லை என்றேன்.

மூடியைக் கையில் எடுத்தவனை நிறுத்தினேன். காலையிலேயே கிண்ணத்தில் சந்தனம் குழைத்து வைத்திருந்தேன். என் குழைவு கொஞ்சம் தண்ணி. விரலில் எடுத்துக்கொண்டு குனிந்தேன்.

"சார், திரும்பவும் அதே எடத்துலயா? நம்பர் மறைஞ்சிடுமே."

"கரண்ட் போகாத எடம் வேற இருந்தா காட்டு."

டார்ச்சை அடித்து ஒரு சுற்றுப் பார்த்தான். புதிதாக வந்த ரேம், வயர், அது இது என்று எல்லா இடமும் அடைபட்டிருந்தது. கடைசியில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, முன்பு அவளுக்குக் காட்டிய அதே இடத்தைக் காட்டினான்.

வைத்துவிட்டேன். நேராகத்தான் வைக்கப் பார்த்தேன். வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

இப்போது ஒரே ஒரு சிக்கல் பாக்கி. நாளைக்கு வேறு ஏதாவது பாகம் போகும். வேறு யாராவது வருவார்கள், நம்பர் எங்கே என்பார்கள், துடைக்கச் சொல்வார்கள். அன்வர் போனில் அது இருக்கிறது, ஆனால் அவன் போனை மாதத்துக்கு ஒரு தடவை தொலைப்பவன். என் ஞாபகத்தை நானே நம்புவதில்லை. வீட்டில் வேறு யாரிடமும் சொல்லி வைக்க முடியாது. ஆகவே உங்களிடம் சொல்கிறேன். எஸ்.வி. 41, டி3, ஆர் 07.

ராசிபலன் பார்த்து முடித்த பிறகு போதும்… கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.